மாதர் சங்க பஸ்ஸில் பெண் பார்க்கப் போன கதை

உடையார்கட்டு,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் செந்தூரனுக்கு அம்மா எழுதுவது,

அப்பாவின் முழங்காலையும் குரங்குகள் பிடுங்கிப்போட்ட குரும்பைகளையும் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். கிழமையில் மூன்று தரம் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அம்மாவுக்கு ஏன் இந்தக் கடித வேலை என்று நினைப்பாய். போனில் என்றால் நீ வேலைக்கு ஓடுகிற நேரமாக இருக்கும், இல்லாவிட்டால் அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு நோர்வேயில் மழையோ என்று இடையில் கேட்பார், படம் நின்றுபோகும், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். இது பாதியில் நிற்கக்கூடாத கதை. ஆனபடியால் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, கதிரையில் ஆறுதலாக இருந்து வாசி.

வீட்டுப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளத்தில் தண்ணீர் போதாது என்று இந்தச் சிறுபோகத்துக்குப் பாதி வயலுக்குத்தான் அனுமதி தந்தார்கள். அப்பா வாய்க்கால் கரைத் துண்டை மட்டும் விதைத்திருக்கிறார், பயிர் நல்லாக நிற்கிறது, மயில் இறங்காமல் இருக்கப் பழைய சீலைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், அதில் ஒன்று நீ போன தைப்பொங்கலுக்கு வாங்கி அனுப்பின புதுச் சீலை, அவருக்குச் சீலைக்கும் சாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. மேற்கு வயலைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு நேசமலரின் மருமகன் அதைக் குத்தகைக்குக் கேட்டு மூன்றாவது வருடமாக வந்து வந்து போகிறான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நொண்டுகிற மனிதர் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருக்கலாம்தானே. அவரோ பாப்பம், பாப்பம் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஏன் என்று கேட்டால் மற்றவன் செய்தால் வரம்பு கெட்டுப்போகும் என்கிறார். இதனால் நேசமலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் கொஞ்ச நாள் திரிந்தாள். பிறகு கதைத்தாள். கதைக்காமல் இருக்க அவளுக்கு ஏலாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் பரந்தன் சுகிர்தன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தான், கலியாணப் புரோக்கர் சுகிர்தன், உன்னோடு படித்தவனின் தமையன். பெண் திருகோணமலை, பெயர் சிவரூபி, தகப்பன் இல்லை, தாயும் ஒரு தமையனும் இருக்கிறார்கள். குறிப்பைச் சாத்திரியாரிடம் காட்டினோம், பொருந்துகிறது என்றார். படத்தை உனக்கு அனுப்பினேன். உங்களுக்குப் பிடிச்சால் எனக்குச் சரி அம்மா என்று நீ சொன்னாய். தண்ணீர் மோட்டர் வாங்கும்போதும் இதையேதான் சொன்னாய், அதனால் அதை நான் பெரிய பதிலாக எடுக்கவில்லை. அந்தப் படமும் ஒரு படமா? யாரோ சொந்தக்காரரின் கலியாணத்தில் எடுத்தது, முகம் முழுக்க மா பூசி, மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு வெள்ளை. பெண்ணுக்கு என்ன வேலை என்று சுகிர்தனைக் கேட்டேன். சுற்றுலாக் கொம்பனியில ஒபிஸ் வேலை அன்ரி, கதிரையில இருந்து செய்யிறது, வெயில் படாத வேலை என்றான். புரோக்கர்மாரின் வாயில் எல்லாப் பெண்களுக்கும் வெயில் படாத வேலைதான்.

நேரே பெண் வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. வெற்றிலையோடு போய் இருந்து, பலகாரம் தின்றுவிட்டு, பிறகு சரிவராது என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் பேர்கேடு. எங்கள் பக்கத்தில் முந்தியெல்லாம் கோயிலில் வைத்துத்தானே பார்ப்பார்கள், தற்செயலாக வந்ததுபோல் தூணுக்குப் பின்னால் நின்று. என்னையும் அப்படித்தான் வற்றாப்பளைப் பொங்கலில் உன் பெரிய மாமி பார்த்தவ, நான் ஐஸ்பழம் ஒழுக ஒழுகத் தின்றுகொண்டு நின்றேனாம், இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பா. அந்த முறையில் பார்ப்போம் என்று நினைத்தேன். எங்கள் மாதர் சங்கம் வருடத்தில் ஒருமுறை சுற்றுலா போகும். இந்தமுறை தலைவி நுவரெலியா என்று நின்றா. நான் எழும்பி, நுவரெலியாவில குளிரைத் தவிர என்ன இருக்கு, திருகோணமலை எண்டால் கோணேசரையும் கும்பிடலாம், கடலையும் பார்க்கலாம், எனக்கு ஒரு நல்ல கொம்பனி தெரியும், பஸ்ஸும் ஆளும் அவையே தருவினம் என்று சொல்லி எல்லாரின் தலையையும் ஆட்டவைத்துவிட்டேன். அந்தப் பெண் வேலை செய்கிற கொம்பனிதான் அது. அப்பாவையும் வரச்சொல்லிக் கேட்டேன். பெட்டையைப் பாக்கிறதெண்டால் வீட்டை போய்ப் பாருங்கோ, இந்த உளவு வேலை எனக்குச் சரிவராது என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் முதல்நாளே வந்து சங்கக் கட்டடத்தடியில் நின்றது. விடியமுதல் இடியப்பம், சம்பல், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஏற்றினோம். நான் தனியாக ஒரு பையில் பயத்தம்பணியாரமும், நம்முடைய காணியில் விளைந்த கச்சான் கடலையை வறுத்து இன்னொரு பையிலும் கொண்டுபோனேன், பெண் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போகலாமா. பஸ்ஸுக்குள் சாரதியோடு கொம்பனிப் பிள்ளை ஒன்று நின்றது. மெலிந்த பிள்ளை, நீலச் சல்வார், தலையை வழித்து இழுத்துப் பின்னியிருந்தது, ஒவ்வொருவரையும் அம்மா இதில இருங்கோ, அம்மா காலை நீட்டுங்கோ என்று மெல்லிய குரலில் இருத்தியது. இதுதான் சிவரூபி என்று எனக்குப் பட்டது. கொம்பனியில் இருந்து வந்த ஒரே பெண் அவள்தானே. படத்தில் இருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டால் இந்த முகம்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேர் என்ன என்று கேட்கவில்லை, கேட்டால் பிடிபட்டுப்போவேன். நேசமலரிடம் மட்டும் காதுக்குள் சொன்னேன். நெடுங்கேணி தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தி அவளுக்குச் சகோதரம் எத்தனை என்று கேட்கிறாள், இன்னொருத்தி சொதிக்குப் பால் எப்போது விடுகிறனீ பிள்ளை என்று கேட்கிறாள், மற்றொருத்தி பல்லைப் பார்க்கிறாள். அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் முழித்து முழித்துப் பதில் சொன்னது. வவுனியா கழிந்து ஒரு மரநிழலில் நிறுத்திச் சாப்பிடும்போது எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் தான் சாப்பிட்டது. நான் பயத்தம்பணியாரப் பையை அப்படியே அதன் கையில் கொடுத்துவிட்டேன். மனதுக்குள் தாலிக்கே நாள் வைத்தாயிற்று.

கன்னியா வெந்நீரூற்றடியில் இன்னொரு பெண் பஸ்ஸில் ஏறினாள். அவள்தான் இடம் காட்டுகிறவளாம். தொப்பி, ஜீன்ஸ், சப்பாத்து, வெயிலில் கறுத்த முகம், கையில் ஒரு மைக். ஏறின உடனேயே, வணக்கம் அம்மாமார், நான் சொல்லுற நேரத்துக்கு நான் சொல்லுற இடத்தில நிக்கவேணும், பிந்தினால் கோணேசர் காத்திருப்பார், நான் காத்திருக்க மாட்டன் என்று ஒரு சத்தம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா? கிணற்றடியில் அவள் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு என்று சொல்லிக்கொண்டு போக, நான் ஒரு கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினேன், வயலில் குனிந்து குனிந்து பிடித்த இடுப்பு அந்தச் சூட்டுக்கு இளகிற்று. வேண்டுமென்று பிந்தவில்லை. அவள் வந்து கையில் இருந்த வாளியை வாங்கி வைத்துவிட்டு, அம்மா, உங்களுக்காக முப்பது பேர் பஸ்ஸுக்குள்ள வேகினம் என்றாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, நீலச் சல்வாரிடம் துவாயை வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். இந்த வாய்க்கு எந்த மாமியார் அகப்படப் போகிறாளோ என்று நேசமலரிடம் சொன்னேன்.

அதோடு நின்றதா? கோட்டைக்குள்ளால்தானே கோயிலுக்குப் போகவேண்டும், அங்கே மான்கள் ஆடுமாடுபோல் வழியில் திரிகின்றன. எனக்கு அதைக் கண்டு ஆசையாக இருந்தது, கச்சான் பையைத் திறந்து ஒன்றுக்கு நீட்டினேன், அது கச்சானை விட்டுவிட்டுப் பையைப் பிடித்து இழுத்தது. எங்கிருந்தோ ஓடிவந்த அந்தத் தொப்பிக்காரி பையைப் பறித்துத் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டாள். பொலித்தீனைத் திண்டுதான் அம்மா இதுகள் சாகிறது, போன மாதமும் ஒண்டு செத்தது, போகேக்கை திருப்பித் தாறன் என்றாள். சரியான கதைதான், பிறகு யோசித்தால். ஆனால் தாய் வயதுள்ளவளின் கையில் இருந்து எல்லாருக்கும் முன்னால் பறித்ததை அந்த நேரத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. கோயிலில் கும்பிடும்போதும் அந்தக் கோபத்தோடுதான் கும்பிட்டேன். உன் பேரில் அர்ச்சனை செய்தேன், நட்சத்திரத்தை மாறிச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தினேன், கோணேசருக்குத் தெரியும்தானே. கோயிலடியில் மலை பிளந்த இடத்தைக் காட்டி, இதை வெட்டினது இராவணன் எண்டு சொல்லுவினம், வெட்டினது ஆரெண்டாலும் கம்பிக்கு இங்கால நில்லுங்கோ, விழுந்தால் பதில் சொல்லவேண்டியது நான் என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. கீழே கடல் அப்படி ஒரு நீலம் மகன். இவ்வளவு உயரத்தில் நின்று நான் கடலைப் பார்த்ததில்லை. வழியை மறித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய கூட்டத்தோடு அவள் சிங்களத்தில் ஏதோ பகிடியாகக் கதைத்தாள், அவர்களும் சிரித்து விலகி எங்களுக்கு வழிவிட்டார்கள். அதையும் பார்த்தேன், பார்த்தும் நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை.

உப்புவெளியில் ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு, பாரை மீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும். நாங்கள் எல்லாரும் நீலச் சல்வாரைச் சுற்றித்தான் இருந்தோம். அவள் தன் கோப்பையில் இருந்த மீன் துண்டை எடுத்து முள்ளைக் களைந்து சாரதியின் கோப்பையில் வைத்தாள். நேசமலர் பார்த்தாள், நான் பார்த்தேன், பஸ்ஸே பார்த்தது. நேசமலருக்குப் பொறுக்குமா, என்ன பிள்ளை, ரைவருக்கு நீயோ முள்ளெடுக்கிறது என்று கேட்டுவிட்டாள். அவள் வெட்கத்தோடு, அவர் என்ர மனுசன் அம்மா, மூத்தவன் இந்த வருசம் பள்ளிக்கூடம் போறான் என்றாள். தாலிக்கொடி சல்வாருக்குள் கிடந்திருக்கிறது, அவள் பெயர் ராஜினி. என் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அப்ப சிவரூபி எண்ட பிள்ளை ஆர் என்று மெதுவாகக் கேட்டேன். ராஜினி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே தொப்பிக்காரி நின்றநிலையில் ஒரு பார்சலைச் சாப்பிட்டுக்கொண்டு, கடைக்காரனிடம் எங்களுக்கு இன்னும் குழம்பு வைக்கச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த சனத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஒருத்திக்குப் புரைக்கேறித் தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது. வெயில் படாத வேலை என்று சொன்ன சுகிர்தன் அந்த நேரம் என் முன்னால் வந்திருந்தால் கணவாய்ச் சட்டியோடு எறிந்திருப்பேன். பயத்தம்பணியாரம் வேறு ராஜினியின் பிள்ளைகளுக்குப் போகிறது. போகட்டும், நல்ல பிள்ளை.

அதற்குப் பிறகுதான் நான் கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்லவேண்டும். காலையிலிருந்து அவளைப் பார்த்ததெல்லாம் என் கோபத்தால் பார்த்தது. நிலாவெளிக் கரையில் பஸ் நின்றதும் எல்லாரும் சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள், நேசமலர் சின்னப்பிள்ளைபோல் குதிக்கிறாள். சுதாஜினி மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. சங்கத்துக் கணக்குப்பிள்ளை சுதாஜினி, முள்ளிவாய்க்கால் கரையில் புருசனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவள், உனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அது கேட்கிற விஷயம் இல்லை. மலையில் நின்று தூரத்தில் பார்ப்பது வேறு, மணலில் கால் வைப்பது வேறு. ஆனால் சிவரூபிக்கு இதொன்றும் தெரியாதுதானே, வா அம்மா வா அம்மா என்று கையைப் பிடித்து இழுக்கப்போகிறாளே என்று நான் பயந்து திரும்பி வந்தேன். அவள் இழுக்கவில்லை. மைக்கை நிறுத்தித் தூரப் போட்டுவிட்டு, பஸ் மிதிபலகையில், கடலுக்கு முதுகைக் காட்டி, சுதாஜினிக்குப் பக்கத்தில் இருந்தாள். தோள்பைக்குள் இருந்த என்னுடைய கச்சானை எடுத்து உடைத்து உடைத்து அவள் கையில் வைத்தாள். என்ன கதைத்தார்கள் தெரியுமோ, கச்சானைப் பற்றி. எந்த மண்ணில் போடுகிறது, எப்போது பிடுங்குகிறது என்று. சுதாஜினி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் கரையில் நின்ற நேரம் முழுக்க சிவரூபி அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை, நான் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், தூணுக்குப் பதிலாக பஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளைதான் என்று அப்போது முடிவெடுத்தேன், இந்தமுறை ஆள் மாறாமல்.

பின்னேரம் டச்சுக் குடாக் கரையில் பிளேன்ரீ குடிக்க நிறுத்தினார்கள், அவள் அதோடு இறங்கிவிடுவாள். நான் என்ன சொல்லிக் கதையைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்க, அவளே கச்சான் பையைக் கொண்டுவந்து தந்தாள், பாதிதான் இருந்தது. நல்ல பதமா வறுத்திருக்கிறியள் என்றாள். பிறகு அதே குரலில், அம்மா, நீங்கள் என்னைத்தானே பாக்க வந்தனீங்கள் என்றாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இந்தச் சம்பந்தக் கதை ராஜினிக்கும் தெரியுமாம், காலையிலேயே போனில் சொல்லிவிட்டாளாம், அக்கா, உங்களைப் பாக்க வந்த ஆக்கள் என்னைப் போட்டுக் கிண்டுகினம் என்று. ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை என்று கேட்டேன். வேலை நேரத்தில நான் பொம்பிளை இல்லை அம்மா, கைட். நீங்கள் சீலை கட்டின என்னைப் பாக்கிறதைவிட இதைப் பாத்தது நல்லம்தானே என்றாள். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு பிள்ளை என்று சொல்லிவிட்டேன். பெண் பார்க்கப் போகிற இடத்தில் அப்படி உடனே சொல்லக்கூடாதுதான், வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள், தொப்பியைக் கழற்றினாள், முகம் நல்ல முகம், மூக்கு அளவான மூக்கு. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, வாளியைப் பறிச்சதுக்குக் குறை நினைக்காதேங்கோ என்றாள். பிறகுதான் சொன்னாள், நான் வெளிநாட்டுக்குப் போகமாட்டன் அம்மா, சுகிர்தன் அண்ணையிட்டை முதலே சொன்னனான், அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், என்ர அம்மா இஞ்ச, என்ர வேலை இஞ்ச, நான் இந்தக் கடலை விட்டுட்டுப் போய் எங்கயோ ஒரு அறைக்குள்ள இருக்கமாட்டன், உங்கட மகன் திரும்பி வருவாரோ என்று கேட்டாள்.

தெரியாது பிள்ளை, அவன் போய்ப் பதினொரு வருசம், நாங்கள் கேட்டதில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, பகிடியும் இல்லை. கேக்காமலே பதினொரு வருசமோ அம்மா என்றாள். பிறகு பஸ்ஸில் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று தலை எண்ணப் போய்விட்டாள். புறப்படும்போது வெளியே நின்று கை காட்டினாள். கேட்டுப்போட்டுச் சொல்லுறன் பிள்ளை என்று யன்னலால் கத்தினேன், கேட்டதோ தெரியாது. திரும்பி வரும்போது எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நேசமலர் என்ன நடந்தது என்று இடித்து இடித்துக் கேட்டாள், என் வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

யோசித்துப் பார் மகன். நீ போகும்போது உன்னை எப்படியாவது அனுப்பிவிடவேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் கதை. பிறகு உன்னை அங்கே இருக்க விடுவார்களா என்பது கதை. விட்டார்கள், மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், கிணறு கட்டினோம், உனக்குப் பாஸ்போட் வந்தது, பிள்ளையாருக்குப் பொங்கினோம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் எப்ப வாறாய் என்று கேட்கிறோம், அது லீவுக்கு. திரும்பி வருவியா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் உனக்குப் பாரம் என்று நினைத்தேன். நீ ஓம் என்றால் நீ அங்கே பட்ட பாடெல்லாம் வீண் என்று சனம் சொல்லும் என்று நினைத்தேன். நீ இல்லை என்றால் நான் எப்படித் தாங்குவேன் என்றும் நினைத்தேன், அதுதான் பெரிய காரணம் என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சொன்னேன், ராஜினி கதையில் நன்றாகச் சிரித்தார். சிவரூபி கேட்டதைச் சொன்னதும் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மேற்கு வயலை நான் ஆருக்கு வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சனீர் என்று என்னைக் கேட்டார். அப்போதும் அவர் உன்னைக் கேட்கச் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கைகழுவிவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆனபடியால் நான் கேட்கிறேன். செந்தூரன், நீ திரும்பி வருவியா? லீவுக்கு இல்லை, இருக்க. இங்கே வந்தால் நீ என்ன வேலை செய்வாய் என்று எனக்குத் தெரியாது, அங்கே உழைப்பதில் கால்வாசியும் இங்கே கையில் வராது, வெயில் உனக்கு இனிப் பழக்கமில்லை, யானை வேறு பின்வேலியை உடைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு வா என்று கேட்டால் நானும் சுகிர்தன்தான். எங்களுக்காக வா என்று சொல்ல எனக்கு ஆசை இருக்கிறது, இருந்தாலும் சொல்லவில்லை. நீ அங்கே வேர்விட்டுவிட்டாய் என்றால் அதுவும் நல்லதுதான், அழுதுவிட்டு எழும்பிவிடுவேன், அந்தப் பிள்ளைக்கும் நானே போன் எடுத்துச் சொல்வேன், அவளைக் காத்திருக்க வைக்கக்கூடாது. உங்களுக்குப் பிடிச்சால் எனக்குச் சரி அம்மா என்று மட்டும் சொல்லாதே. இது தண்ணீர் மோட்டர் இல்லை.

காலபோகத்துக்குப் புரட்டாதியில் உழவு தொடங்கவேண்டும், அதற்குள் உன் பதில் வந்துவிடவேண்டும். ஓம் என்றால் ஓம் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, மேற்கு வயலை நேசமலரின் மருமகனுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவோம், அப்பாவின் காலுக்கும் ஓய்வு. கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு படு, மீன் வெட்டுகிற கத்தியோடு கவனம், வெறும் பாணைத் தின்று நாளைப் போக்காதே. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், மனநிறைவாக, நல்ல துணையோடு வாழவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் உன்னை ஆசீர்வதிக்கிறோம்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அம்மா,
அப்புத்துரை விமலேஸ்வரி.

உறையில் போடமுதல் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரியாம். வயலைக் குத்தகைக்குக் கொடுப்போம் என்ற வரியை மட்டும் வெட்டிவிடச் சொல்கிறார்.